ஓர் இணைப்பு, இரண்டு கணினிகள்

மாணவர்களே! நம் விருதுநகர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. சூலக்கரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கண்மாயை நம்பி உழவு செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓர் உண்மையைச் சொல்வார்கள். கண்மாய் நிறைந்திருந்தால் மட்டும் போதாது. மடை சரியாகத் திறந்து, வாய்க்காலும் தூர்ந்து போகாமல் இருந்தால்தான் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும். தலைமடையில் பயிர் செழித்து நிற்க, கடைமடையில் நிலம் வெடித்துக் கிடப்பதும் உண்டு.

இன்று வீட்டுக்குள் வரும் இணையத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. முன்கூடத்தில் இருக்கும் கணினியில் பாடக் காட்சிகள் தடையின்றி ஓடுகின்றன. மாடியில் பின்னறையில் இருக்கும் இரண்டாவது கணினியிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே கடைக்குப் போய், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கருவியை வாங்கி வருகிறோம். சில நேரம் பயன் கிடைக்கிறது. பல நேரம் பணம்தான் போகிறது. எந்தக் கருவி எந்த இடத்துக்குப் பொருந்தும் என்பதை, நீங்கள் பத்தாம் வகுப்பிலும் மேல்நிலை வகுப்பிலும் படிக்கும் இயற்பியலைக் கொண்டே முடிவு செய்யலாம். எப்படி என்று பார்ப்போம்.

இரண்டாவது கணினி வந்த வரலாறு

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து, எண்ணைச் சுழற்றித்தான் இணையத்துக்குள் நுழைய வேண்டும். இணையம் ஓடும்போது தொலைபேசியில் பேச முடியாது. ஒரு வீட்டில் ஒரு கணினி இருப்பதே அரிது. ஆகவே இரண்டாவது கணினி என்ற கேள்வியே எழவில்லை. 2005இல் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் அகலப்பட்டைச் சேவை வந்தபின், நாள் முழுவதும் திறந்திருக்கும் இணைப்பு சிற்றூர்களையும் எட்டத் தொடங்கியது.

2011இல் தமிழ்நாடு அரசு மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதுவே பல வீடுகளில் முதல் கணினி. சில வீடுகளில் இரண்டாவது கணினி. 2020இல் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் இணையவழி வகுப்பு நடந்த வீடுகளில் இதன் அருமை தெரிந்தது. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது. விருப்பமான கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிய வேண்டிய கடைசி நாளில் இணைப்பு அறுந்தால், இழப்பு சிறியதன்று. ஆகவே கடைமடைக் கணினிக்கும் இணையம் ஒழுங்காகப் பாய வேண்டும்.

பங்கிடுவது யார்?

வீட்டுக்கு வரும் இணைப்பு ஒன்றுதான். அதை இரண்டாகப் பிரிப்பது எப்படி? மின்கம்பியைப் போல நடுவில் வெட்டி ஒட்டிவிட முடியாது. இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். பழைய முறையில் இந்த முகவரி 32 பிட்டுகள் கொண்டது. ஆகவே இருக்கக்கூடிய முகவரிகள் 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 429 கோடி. உலக மக்கள்தொகையோ இதைவிட அதிகம். எல்லாக் கருவிக்கும் தனி முகவரி கொடுத்துக் கட்டுப்படியாகாது.

இதற்கு ஓர் உபாயம் உண்டு. சிவகாசியில் ஓர் அச்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 50 பேர் வேலை செய்தாலும் வெளியுலகுக்கு முகவரி ஒன்றே. வந்த கடிதங்களைப் பிரித்து, இது கணக்கருக்கு, இது மேலாளருக்கு என்று கொடுப்பவர் வாயிலில் அமர்ந்திருக்கும் எழுத்தர். வீட்டில் அந்த எழுத்தரின் வேலையைச் செய்வதே ரூட்டர். அது வெளியே ஒரே முகவரியைக் காட்டுகிறது, உள்ளே 192.168 என்று தொடங்கும் தனி எண்களைக் கணினிகளுக்குக் கொடுக்கிறது. எந்தக் கணினி எந்தத் தகவலைக் கேட்டது என்று குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் அதனிடம் சேர்க்கிறது. பங்கிடும் வேலை இவ்வாறு ஏற்கெனவே உங்கள் வீட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே இரண்டாவது கணினிக்குப் புதிய இணைப்பு தேவையில்லை. ரூட்டரிலிருந்து அதுவரை செல்லும் வாய்க்காலைச் சரிசெய்தால் போதும்.

முதலில் நோய் எதுவென்று அறிக

மருந்து வாங்குமுன் நோயை அறிய வேண்டும் அல்லவா? ஒரு மடிக்கணினியை ஈதர்நெட் கம்பியால் நேராக ரூட்டருடன் இணைத்து, வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கணினியை மாடியறைக்கு எடுத்துச் சென்று வைஃபை வழியாக அளந்து பாருங்கள்.

ரூட்டரின் அருகிலேயே வேகம் குறைவாக இருந்தால், கண்மாயிலேயே தண்ணீர் இல்லை என்று பொருள். எந்தக் கருவி வாங்கினாலும் பயன் இராது. சேவை தருபவரிடம்தான் கேட்க வேண்டும். 40 மெகாபிட் திட்டத்தை வைத்துக்கொண்டு, பெட்டியில் 1200 என்று அச்சிட்ட ரூட்டரை வாங்கினாலும் வரும் வேகம் 40தான். அருகில் வேகம் நன்றாக இருந்து மாடியில் மட்டும் குறைந்தால், குறை வாய்க்காலில்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சேவை நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கணினி கோப்பின் அளவை மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட்டுகள் சேர்ந்தது 1 பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. இதை அறியாமல் பலர் தாம் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள்.

சுவரைக் கடக்கும் அலைகள்

1895இல் கல்கத்தாவின் நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் ஒரு சோதனையைப் பொதுமக்களுக்குக் காட்டினார். அவர் உண்டாக்கிய நுண்ணலைகள் சுவர்களைக் கடந்து சென்று, தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன! பட்டாசுத் தொழில் நடக்கும் நம் மாவட்டத்து மாணவர்களுக்கு இதைக் கேட்டதும் ஓர் ஐயம் எழலாம்: அப்படியானால் வைஃபை அலை பட்டாசைப் பற்றவைக்குமா? போஸின் சோதனையில் அலையே நெருப்பை உண்டாக்கவில்லை. அலையை உணர்ந்த கருவி ஒரு மின்சுற்றை மூடியது. அந்த மின்சுற்றுதான் வெடிமருந்தை வெடிக்கச் செய்தது. வீட்டு ரூட்டரின் அலைத்திறன் சுமார் 0.1 வாட் மட்டுமே. எனினும் மின்னிணைப்புள்ள எந்தக் கருவியிலும் பொறி எழக்கூடும். ஆகையால் வேதிப்பொருள் கலக்கும் அறையிலும் நிரப்பும் அறையிலும் இத்தகைய கருவிகளுக்கு இடமே இல்லை.

போஸ் பயன்படுத்திய நுண்ணலைகளின் குடும்பத்தைச் சேர்ந்தவையே வைஃபை அலைகளும். இவை பெரும்பாலும் இரண்டு பட்டைகளில் இயங்குகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். முதலாவதின் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், இரண்டாவதின் அலைநீளம் 6 சென்டிமீட்டர்.

அதிர்வெண் கூடும்போது அதிகத் தகவலை ஏற்றிச் செல்ல இடம் கிடைக்கிறது. ஆனால் செங்கல்லும் கான்கிரீட்டும் அந்த அலையை அதிகமாக விழுங்குகின்றன. ஆகவே 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரே அறைக்குள் விரைவானது. சுவர்கள் வந்தால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகத்தில் குறைந்தது. ஆனால் சுவர்களைத் தாண்டி அதிகத் தொலைவு செல்லும். தடைகளில் மிகக் கொடியவை மூன்று: இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி. பீரோவின் உயரம் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது. எனவே விளக்கின் முன் நிற்கும் தூணைப் போல அதுவும் தனக்குப் பின்னால் ஒரு நிழலை உண்டாக்குகிறது.

ஒரு சிறு கணக்கு

அலைகளின் வலிமை மிகப் பெரிய வேறுபாடுகள் கொண்டது. ஆகையால் அதை டெசிபெல் என்னும் மடக்கை அளவில் சொல்வது வழக்கம். திறன் பத்தில் ஒரு பங்கானால் 10 டெசிபெல் இழப்பு. நூறில் ஒரு பங்கானால் 20 டெசிபெல். பாதியானால் 3 டெசிபெல். 1 மில்லிவாட்டைச் சுழி என்று கொண்டால், ரூட்டரின் 100 மில்லிவாட் என்பது +20. இனி பெருக்கல், வகுத்தல் தேவையில்லை. கூட்டலும் கழித்தலும் போதும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ரூட்டர் கீழே முன்கூடத்தில் உள்ளது. கணினி மாடியில் பின்னறையில், 12 மீட்டர் தொலைவில் உள்ளது. நடுவில் இரண்டு செங்கல் சுவர்களும் ஒரு கான்கிரீட் தளமும் இருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு முதல் 1 மீட்டரிலேயே சுமார் 40 டெசிபெல் இழப்பு. தொலைவு 12 மடங்கானால், எதிர்வர்க்க விதிப்படி திறன் 144இல் ஒரு பங்காகும், இது 21.6 டெசிபெல். சுவருக்கு 7 வீதம் 14 என்றும் தளத்துக்கு 18 என்றும் தோராயமாக வைத்துக்கொள்வோம்.

20 − 40 − 21.6 − 14 − 18 = −73.6

ரூட்டர் அனுப்பிய திறனில் ஏறத்தாழ 230 கோடியில் ஒரு பங்கே கணினியை அடைகிறது! ஆயினும் கணினி அதைக் கேட்டுவிடுகிறது. காட்சிப் பாடம் தடையின்றி ஓட −67 அளவில் இருப்பது நல்லது. −74இல் இணைப்பு கிடைக்கும், ஆனால் தடுமாறும்.

இதே கணக்கை 5 கிகாஹெர்ட்ஸுக்குச் செய்வோம். முதல் மீட்டர் இழப்பு 46.5; சுவருக்கு 12 வீதம் 24; தளத்துக்கு 28 என்று கொண்டால் விடை ஏறத்தாழ −100. சாதாரண வைஃபை ஏற்பியின் இரைச்சல் அளவோ −95 அருகில். கோயில் திருவிழா மேளத்துக்கு நடுவே ஒருவர் காதோடு பேசுவது போல, அலை இரைச்சலில் மூழ்கிவிடும். கீழே வேகமாக ஓடிய இணைப்பு மாடியில் மறைந்துவிடுவதன் காரணம் இதுதான்.

நான்கு வாய்க்கால்கள்

*முதல் வழி: ஈதர்நெட் கம்பி.* ரூட்டரிலிருந்து கணினிவரை ஒரு கம்பியை இழுத்துவிடுவது. பார்ப்பதற்கு எளிய வழி. பயனில் முதன்மையான வழியும் இதுவே. கேட் 6 எனப்படும் கம்பி 100 மீட்டர்வரை நொடிக்கு 1000 மெகாபிட் கொண்டு செல்லும். அதனுள் 8 செம்புக் கம்பிகள் நான்கு இணைகளாக, கயிறு போல முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கு எதற்கு? அருகில் ஓடும் மின்கம்பியின் காந்தப்புலம் இந்த இணையில் மின்னழுத்தத்தைத் தூண்டும். ஒரு முறுக்கில் தூண்டப்படுவதை அடுத்த முறுக்கு எதிர்த்திசையில் தூண்டி ஈடுசெய்துவிடுகிறது. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேளுங்கள். செம்புப் பூச்சுள்ள அலுமினியக் கம்பி மலிவு. ஆனால் அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். வளைத்தால் எளிதில் முறியவும் செய்யும். வீட்டு மின்கம்பி செல்லும் குழாய்க்குள்ளேயே இதையும் செருகக் கூடாது; தனிக் குழாய் போடுக.

*இரண்டாம் வழி: கம்பியும் இன்னொரு வைஃபையும்.* மாடியில் கணினி மட்டுமன்றிக் கைப்பேசிகளும் இருந்தால், கம்பியின் மறுமுனையில் ஓர் அணுகுமுனைக் கருவியை வைக்கலாம். பழைய ரூட்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் அதுவே போதும். அதற்கு 192.168.1.2 என்பது போல முதல் ரூட்டரோடு மோதாத ஓர் எண்ணைக் கொடுங்கள். முகவரி வழங்கும் வேலையை அதில் நிறுத்திவிடுங்கள். கம்பியைச் சாதாரணத் துளையில் செருகுங்கள். ஒரு வாயிலில் இரண்டு எழுத்தர்கள் அமர்ந்து கடிதம் பிரித்தால் குழப்பம் வரும் அல்லவா? அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு.

*மூன்றாம் வழி: ரிப்பீட்டர்.* இது அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் கருவி. கம்பி வேண்டாம், சுவரில் உள்ள மின்துளையில் செருகினால் போதும். ஆனால் ஒரே அலைவரிசையில் ஒவ்வொரு செய்தியையும் இருமுறை அனுப்ப வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். இதைக் கணினியின் அருகில் வைப்பதே பலரும் செய்யும் தவறு. அங்கே ஏற்கெனவே அலை தேய்ந்துவிட்டது. தேய்ந்ததை வாங்கித் தேய்ந்ததையே அனுப்பும். மேலே சொன்ன வீட்டில் இதை மாடிப்படியில், பாதித் தொலைவில் வையுங்கள். 6 மீட்டர், ஒரு சுவர்: 20 − 40 − 15.6 − 7 = −42.6. படிக்கட்டின் திறப்பு வழியே செல்வதால் தளம் குறுக்கிடுவதில்லை. அங்கிருந்து அறைக்கும் இதே கணக்குத்தான். −73.6 எங்கே, −42.6 எங்கே! அலைத்திறன் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடிவிட்டது. மெஷ் என்று விற்கப்படும் கருவிகளும் இதே தத்துவத்தில் இயங்குபவைதான், தமக்குள் பேசிக்கொள்ளத் தனிப்பட்டை உள்ளவற்றில் வேக இழப்பு குறைவு, விலை கூடுதல்.

*நான்காம் வழி: மின்கம்பி வழியே.* வீட்டு மின்கம்பியிலேயே தகவலை அனுப்பும் இணைக்கருவிகள் உண்டு. மும்முனை மின்சாரம் உள்ள வீட்டில், இரு அறைகளும் வெவ்வேறு முனையில் இருந்தால் இது தடுமாறும். இன்வெர்ட்டரும் குறுக்கே நிற்கும். கம்பி இழுக்கவே முடியாத இடத்தில், கடையில் திருப்பிக் கொடுக்கும் வசதி இருந்தால் முயன்று பார்க்கலாம்.

மேசைக் கணினிகள் சிலவற்றில் வைஃபை ஏற்பியே இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றுக்கு யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு ஏற்பி வேண்டும். அதை இரும்புப் பெட்டியின் பின்புறம் செருகாமல், ஒரு நீட்டிப்புக் கம்பியால் மேசைமேல் கொண்டுவந்து வைத்தால் அலை நன்றாகக் கிடைக்கும்.

இடியும் மின்னலும்

கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் நம் பக்கம் இடி மின்னல் உண்டு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, எடுத்துக்காட்டாக வீட்டிலிருந்து தெருவைத் தாண்டியுள்ள கடைக்குச் செம்புக் கம்பியை வெட்டவெளியில் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அருகில் மின்னல் விழுந்தாலே அந்தக் கம்பியில் மிகுந்த மின்னழுத்தம் தூண்டப்படும். இரு முனைகளிலும் உள்ள கருவிகள் கருகும். தொட்டுக்கொண்டிருப்பவரின் உயிருக்கும் ஆபத்து. இரு கட்டடங்களின் நிலத்தொடர்பு மின்னழுத்தங்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இத்தகைய இடத்தில் உலோகம் கலவாத ஒளியிழைக் கம்பியே ஏற்றது. அது கண்ணாடி, மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்தாலும், இடி இடிக்கும்போது கருவிகளை மின்துளையிலிருந்து கழற்றிவிடுங்கள்.

மின்தடை வரும்போது மடிக்கணினி ஓடும், ரூட்டர் ஓடாது. ஆகவே ரூட்டரும், இடையில் வைத்த கருவியும் இரண்டுமே இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்க வேண்டும். ஒன்றை மறந்தால் வாய்க்கால் அங்கேயே அறுந்துவிடும். செலவும் கணக்கிடத் தக்கதே. 10 வாட் கருவி நாள் முழுதும் ஓடினால் 30 நாளில் 7.2 யூனிட்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் காசு செலவில்லாத மருத்துவம்: ரூட்டரைத் தரையிலிருந்தும் பீரோவின் பின்னாலிருந்தும் எடுத்து, வீட்டின் நடுவில் உயரமான இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். பல வீடுகளில் இதுவே போதும். போதாவிட்டால், கணினி ஒரே இடத்தில் நிலையாக இருக்குமானால் கம்பியே சிறந்தது. மாடி முழுவதும் இணையம் வேண்டுமென்றால் கம்பியுடன் அணுகுமுனை. வாடகை வீடு, சுவரில் துளையிட முடியாது என்றால் படிக்கட்டில் ரிப்பீட்டர். வேறு கட்டடம் என்றால் ஒளியிழை. எதுவாயினும் வைஃபைக்கு வலுவான கடவுச்சொல் வைக்க மறவாதீர்கள்.

செய்து பாருங்கள்

கைப்பேசியில் அலைவலிமையைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை நிறுவுங்கள். ரூட்டரிலிருந்து 1, 2, 4, 8 மீட்டர் தொலைவுகளில், தடையில்லாத நேர்கோட்டில் அளவைக் குறியுங்கள். தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபெல் குறைகிறதா? அறைக்குள் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகளால் அளவு சற்று முன்பின்னாக இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். பிறகு ரூட்டருக்கும் கைப்பேசிக்கும் இடையே ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தையும், அடுத்து ஒரு குடம் தண்ணீரையும், அடுத்து ஒரு மரப்பலகையையும் வைத்து அளவுகளை ஒப்பிடுங்கள்.

வினாக்கள்

1. நொடிக்கு 40 மெகாபிட் இணைப்பில் 300 மெகாபைட் பாடக் காட்சி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

2. தடையற்ற வெளியில் ரூட்டரிலிருந்து 3 மீட்டரில் இருந்த கணினியை 12 மீட்டருக்கு நகர்த்தினால் அலைத்திறன் எத்தனை டெசிபெல் குறையும்?

3. மேலே கணக்கிட்ட வீட்டில் ரிப்பீட்டரைக் கணினியின் அருகிலேயே வைத்தால், கைப்பேசியில் அலைவலிமைக் கோடுகள் முழுமையாகத் தெரியும். ஆனால் வேகம் கூடாது. ஏன்?

விடைகள்: 1. 60 நொடி. 2. ஏறத்தாழ 12 டெசிபெல். திறன் பதினாறில் ஒரு பங்காகும். 3. கைப்பேசி காட்டுவது ரிப்பீட்டரிலிருந்து வரும் அலையின் வலிமை மட்டுமே. ரூட்டருக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள இணைப்பு முன்போலவே −74 அளவில் தடுமாறிக்கொண்டிருக்கும்.